சின்னதா கேட்டாலும் அமுக்குங்க

படுக்கையறைக் கதவை மூன்றாவது தடவையாக மெல்லத் திறந்து, இன்னும் மெல்லச் சாத்துகிறார் அமுக்கக்கா. கதவடியில் கைபேசி ஒலிப்பதிவில் கிடக்கிறது. கீல் வாயே திறக்கவில்லை. "நேத்து நல்லா கத்துச்சு. இன்னிக்குன்னு பார்த்து ஊமையாயிடுச்சு பாரு" என்று கதவைத் திட்டுகிறார். கூடத்திலிருந்து கணவர் பதில் சொல்கிறார்: "எண்ணெய் போட்டுட்டேன். சத்தம் போடுதுன்னு நீதானே சொன்னே!" அக்கா தலையில் அடித்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் பழைய துணியால் கீலிலிருந்து எண்ணெயைத் துடைத்தெடுக்கும் பெண்மணி ஊரிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வயது நாற்பத்தொன்று. காது மூக்கு தொண்டை மருத்துவமனை ஒன்றில் கேட்கும் திறனைச் சோதிக்கும் டெக்னீசியன். சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "சின்னதா கேட்டாலும் அமுக்குங்க. சந்தேகமா இருந்தாலும் அமுக்குங்க" என்பார். பதினாறு வருடமாக ஓர் எழுத்து மாறாமல் அதே வாக்கியம். அதில் வந்த பெயர்தான் அமுக்கக்கா. மனதில் இருப்பதை லேசில் வெளியே விடாத அமுக்கமான ஆள் என்பதால் பெயர் இரண்டு வகையிலும் பொருந்திவிட்டது.

நான்கு மாதமாகக் கணினியில் ஆடும் பேய் விளையாட்டு ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறார். கம்பெனி கிடையாது, கூட்டாளி கிடையாது. தம்பி கழித்துப்போட்ட ஒரு லேப்டாப், சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள், ஒரு ரூல் போட்ட நோட்டு. முதல் மாதம் கதவைத் திறந்தால் கதவே கழன்று விழுந்தது. இரண்டாம் மாதம் ஃப்ரிட்ஜ் மேலே போய் ஒட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றது. இப்போதைக்கு ஒரு நீளமான நடைக்கூடம், மூன்று கதவு. அவ்வளவுதான் உலகம்.

யோசனை அந்தச் சின்ன அறையிலிருந்து வந்தது. "சத்தம் வர்றப்ப யாரும் பயப்பட மாட்டாங்க. எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருப்பாங்க பாரு, அந்த மூஞ்சியப் பாக்கணும்" என்பார். சிலர் ஒலியே அனுப்பாதபோதும் பட்டனை அமுக்கிவிடுவார்கள். கேட்க வேண்டும் என்ற ஆசையில், கேட்காமல் போய்விட்டதோ என்ற பயத்தில். அவர்களைப் பற்றிச் சொல்லும்போது அக்காவுக்குச் சிரிப்பு வரும். கெட்ட சிரிப்பு இல்லை.

விளையாட்டில் பேய் கண்ணுக்குத் தெரியாது. அலறாது, சிரிக்காது. ஆடுபவரின் முதுகுக்குப் பின்னால் வலது காதிலிருந்து இடது காதுக்கு நடந்து போகும். போகும் வழியெல்லாம் அடுத்த வீட்டுக்காரி மாதிரி ஒன்றையே சொல்லிக்கொண்டு போகும்: "போயிட்டு வரேன்." குரல் அக்காவுடையது. "இது என்ன பேய், இவ்வளவு மரியாதையா சொல்லிக்கிட்டுப் போகுது?" என்று கேட்டார் கணவர். "போறேன்னு சொன்னா நிம்மதி. இது வரேன்னுல்ல சொல்லுது" என்றார் அக்கா. அன்றிலிருந்து கணவர் வேலைக்குக் கிளம்பும்போது வெறுமனே கையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

அக்கா படுபயங்கொள்ளி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெளிச்சத்திலும் பேய்தான். தான் செய்ததைத் தானே ஆடிப்பார்க்கும்போது இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொள்வார். கணவர் அதே அறையில் இருக்க வேண்டும், ஆனால் பேசக்கூடாது.

மருத்துவமனையில் தினமும் காலையில் சோதனை மெஷினை முதலில் தன் காதில் வைத்துப் பார்த்து, சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் பொறுப்பு. இந்த வருடம் இடப்பக்கம் கொஞ்சம் மந்தமாகவே இருந்தது. ஹெட்ஃபோன் வயர் தேய்ந்திருக்கும் என்று எழுதிக் கொடுத்து மாற்ற வைத்தார். ஆறு வாரத்தில் மறுபடியும் மந்தம், மறுபடியும் வயர். "இப்பல்லாம் எதுவும் உழைக்க மாட்டேங்குது" என்று கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

போன மாதம் விளையாட்டை முதல்முறையாக வெளியாளிடம் கொடுத்தார். வெளியாள் என்றால் தங்கை. கணக்கு டீச்சர், எதற்கும் அசராதவள். ஆடத் தொடங்கி இரண்டாவது நிமிடம் ஹெட்ஃபோனைப் பிடுங்கி மேசையில் போட்டாள். அக்காவுக்குப் பூரிப்பு.

"பயந்துட்டியா?"

"பயமா? காது கிழிஞ்சிடுச்சுக்கா! வலது பக்கம் ரகசியம் பேசுது, இடது பக்கம் வந்ததும் கூப்பாடு போடுது."

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே வெச்சேன்."

"ஒரே மாதிரியா? எந்தக் காதுக்கு?"

ஹெட்ஃபோன்தான் கோளாறு என்று சொல்லி, அதை வலம் இடமாக மாற்றி மாட்டிக்கொண்டார் அக்கா. ஓடவிட்டார். வலப்பக்கம் கேட்கவேண்டிய ரகசியம் இப்போது இடது காதுக்கு வரவேண்டும். ஒன்றுமே வரவில்லை. காலடி இல்லை, மூச்சு இல்லை. திரையில் நடைக்கூடம் மட்டும் நீண்டுகொண்டே போனது. திடீரென்று வலது காதில் அவர் குரலே அவரைப் பார்த்துக் கத்தியது: "போயிட்டு வரேன்!"

"என்னக்கா, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு?"

"என் பேய்க்கு நானே பயந்துட்டேன்" என்றார். அமுக்கமான ஆள் இல்லையா.

வயர்மேல் எந்தக் குற்றமும் இல்லை, தன் இடது காதுக்குக் கேட்கும்வரை தானேதான் சத்தத்தை ஏற்றி வைத்திருக்கிறார் என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. வருடத்துக்கு ஒருமுறை காதைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னவர், தான் ஒருநாள்கூட உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. ஊருக்குத்தான் உபதேசம். காது நரம்பு மங்கினால் மங்கியதுதான். போயிட்டு வரேன் என்றெல்லாம் அது சொல்லிக்கொண்டு போவதில்லை. காது போனால் கையெழுத்துப் போடும் வேலை போகும். ஆசையாகத் தொடங்கியது பாதியில் நிற்கும். பத்து நாள் லேப்டாப்பைத் திறக்கவில்லை. சமைக்கும்போதும் மாடிப்படியிலும் இடது காதருகே இரண்டு விரலை உரசிப் பார்த்துக்கொண்டே இருந்தார். இதற்கு முன் பட்டதெல்லாம் பயமே இல்லை, விளையாட்டு என்று அப்போது புரிந்தது.

பதினோராம் நாள், மதியச் சாப்பாட்டு வேளையில் ஆள் இல்லாதபோது, கூட வேலை பார்க்கும் டெக்னீசியனிடம், "எனக்கு ஒரு தடவை பாத்துடேன்" என்றார். சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விட்டார், மனசு மாறுமுன். ஹெட்ஃபோனின் சிவப்புப் பக்கத்தை வலது காதிலும் நீலப் பக்கத்தை இடது காதிலும் தானே வைத்துக்கொண்டார்.

"சொல்லணுமாக்கா? சின்னதா கேட்டாலும்..."

"தெரியும். கதவைச் சாத்து."

கனத்த கதவு மூடியது. வலது காது சுலபமாக முடிந்தது. பிறகு அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு அப்பால் அவள் முடிவு எழுதும் சீட்டைத் திருப்பினாள். இனி இடது. உள்ளே அமைதி. தன் ரத்தம் ஓடுவது கேட்டது. அதுவும் ஒரு பக்கம் மட்டும். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டார். மிக மெலிதாக, எங்கோ, ஏதோ வந்தது போலிருந்தது. சட்டென்று பட்டனை அமுக்கினார்.

கண்ணாடிக்கு அப்பால் டெக்னீசியன் தலை நிமிர்ந்தாள். சீட்டில் பெயர் எழுதிக்கொண்டிருந்த பேனா இன்னும் அவள் கையிலேயே இருந்தது. இடது காதுக்கு மெஷினை அவள் இன்னும் தொடவே இல்லை. உள்ளே அமுக்கக்கா மறுபடியும் அமுக்கினார்.