பெண் வீட்டுக்குக் கொடுத்த போட்டோ

வத்தல்மலைக்குப் புளி வாங்கப் போன அண்ணன் திரும்பவில்லை. எட்டு மாதம் கழித்து மலைச்சரிவில் எலும்புகள் கிடைத்தன. துணி மக்கிவிட்டது. முன்பற்கள் உதிர்ந்திருந்தன.

இப்போது டி.என்.ஏ. பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள். எண்பதுகளில் எங்களுக்கு அதெல்லாம் தெரியாது. மண்டை ஓட்டையும் போட்டோவையும் மெட்ராசுக்கு அனுப்புவார்கள். அங்கே மண்டை ஓட்டைப் படமெடுத்து, போட்டோவின் மேல் வைத்துப் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள்.

வீட்டில் அண்ணன் போட்டோ ஒன்றுதான் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டுக்குக் கொடுக்க எடுத்தது. அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்தேன்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். அண்ணி தினமும் பூ வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஏட்டு சொன்னார். "பொருந்தலையாம்பா. இது வேற யாரோ. உங்கண்ணன் எங்கியாச்சும் சுத்திட்டு இருப்பான், போ."

வந்து சொன்னேன். அண்ணி அழுதார், சிரித்தார், பொங்கல் வைத்தார்.

அந்தப் பொங்கலைத் தின்னும்போதுதான் உறைத்தது. அண்ணனுக்கு மேல்தாடை எத்திக்கொண்டு இருக்கும். பெண் வீட்டார் வேண்டாமென்றுவிடுவார்களோ என்று, ஸ்டூடியோக்காரர் அதை பிரஷ்ஷால் தீட்டி உள்ளே தள்ளியிருந்தார். அண்ணி அதைச் சொல்லியே வம்பிழுப்பார். "போட்டோவுல ஒரு மாப்ள, மணவறையில ஒரு மாப்ள. ஏமாத்துக்காரக் குடும்பம்." "பல்லப் பாத்தா கட்டிக்கிட்ட?" என்று அண்ணன் சிரிப்பார்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. எப்படிச் சொல்வது?

நான்காம் நாள் அண்ணியே கேட்டார்.

"தம்பி, நீங்க குடுத்தது அந்தப் போட்டோதானுங்களே?"

"ஆமாங்கண்ணி."

"அது அவரே இல்லீங்களே."

அண்ணி முந்தானையில் முடிந்திருந்த காசை அவிழ்த்து என்னிடம் கொடுத்தார். பிறகு, "மாரண்டஹள்ளியில எங்கம்மா வூட்ல, எந்தம்பி கல்யாணத்துல எடுத்த படம் இருக்குது. அதுல பின்னாடி நின்னு சிரிப்பாரு. போயி வாங்கியாங்க" என்றார்.

வாங்கி வந்தேன். ஸ்டேஷன் வாசலில் வெகுநேரம் நின்றேன். பஸ் ஏறிவிடலாமா என்றிருந்தது. உள்ளே போய்க் கொடுத்தேன்.

இந்த முறை பொருந்தியது.

எலும்பை வாங்கி அடக்கம் செய்தோம். மாலை போட ஒரு படம் வேண்டும். அந்தக் கல்யாணப் படம் திரும்பி வந்ததும் நானும் அண்ணியும் அதே ஸ்டூடியோவுக்குப் போனோம். அண்ணனை மட்டும் பெரிதாக்கச் சொன்னோம்.

"பல்லக் கொஞ்சம் உள்ள தள்ளிடட்டுங்களா?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"தொடாதீங்க" என்றார் அண்ணி.