சிவப்புத் துணி கட்டிய இடம்

எங்கள் கண்மாயைச் சுற்றி இப்போது வீடுகள்தான். மதுரையிலிருந்து வரும் டவுன் பஸ் கரையிலேயே திரும்புகிறது. கண்மாயைத் தூர்வாரி நடைபாதை போடுவது என்று முடிவானதும், எதை வெட்டலாம், எதை விட்டுவைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்வதற்காகச் செடிகளைக் கணக்கெடுக்கும் வேலை எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் நான். என் பேச்சைக் கேட்டு ஒரு கண்மாயில் மண் வெட்டப் போகிறார்கள் என்பதில் எனக்குக் கர்வம் இருந்தது.

தை மாதம் முழுவதும் சேற்றில் இறங்கி நடந்தேன். குழாய்த் துண்டுகளால் செய்த சதுரச் சட்டத்தைப் போட்டு, அதற்குள் அகப்படும் செடிகளை எண்ணுவேன். பெரும்பாலும் ஆகாயத்தாமரைதான். மேற்குக் கோடியில், தண்ணீர் முழங்காலைத் தாண்டாத ஓரத்தில் மட்டும் ஆரையும் நீர்முள்ளியும் இருந்தன. நடுவே கொட்டிக்கிழங்கு. கோடையில் சேற்றுக்குள் கிழங்காக உறங்கிக் கிடந்து, தண்ணீர் வந்ததும் இலைகளை மிதக்கவிட்டுப் பூக்கும் செடி அது. நான் பார்த்த வேறு எந்தக் கண்மாயிலும் அது இல்லை. ஆழமாகத் தோண்டினால் இங்கேயும் இருக்காது. அந்த ஓரத்தைத் தொடக்கூடாது என்று அறிக்கையில் எழுதினேன். குச்சி நட்டு இடத்தைக் காட்டிவிடச் சொன்னார்கள்.

குச்சிகளில் கட்ட, சித்தாள் வேலைக்குப் போகும் அம்மா தன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கொடுத்தாள்.

"புல்லுக்குக் காவல் போடவா இம்புட்டுப் படிச்ச?" என்று சிரித்தாள். வெளியே போய்ப் பக்கத்து வீட்டில், "எம் மக கோடு போட்டா மிசினு தாண்டாதுக்கா" என்று சொன்னதும் என் காதில் விழுந்தது.

கோடையில், அழகர்கோவில் பக்கம் இன்னொரு கண்மாயில் வேலையை முடித்துவிட்டுத் திரும்பினேன். எங்கள் கண்மாயில் மற்ற இடமெல்லாம் அப்படியே கிடந்தது. என் குச்சிகளுக்குள் மட்டும் ஆளுயரப் பள்ளம். இயந்திரத்தின் நிழலில் ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இந்த எடத்தத் தொடக்கூடாதுன்னு சொல்லிருந்தோமே."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே மேடம். செவப்புத் துணி கட்டிருந்துச்சு. எல்லா ஊர்லயும் வெட்டுற எடத்துக்குத்தான அப்படிக் கட்டுவாக? பாருங்க, குச்சிக்கு அங்கிட்டு ஒரு கை மண்ணு எடுக்கல."

உண்மைதான். பள்ளத்தின் விளிம்பு நூல் பிடித்ததுபோல் இருந்தது. என் முகத்தைப் பார்த்து அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மண்ணு எங்கண்ணே?"

"பிளாட்டுக்கு மேடு போடப் போயிருச்சு."

அந்த மனைக்குப் போனேன். ரோலர் ஓட்டி முடித்திருந்தார்கள். அப்படியும் குனிந்து தேடினேன். நசுங்கிய கிழங்கு ஒன்று கிடைத்தது. அதைப் பள்ளத்தின் ஓரத்தில் புதைத்துவிட்டு வந்தேன்.

ஐப்பசி மழையில் முதலில் நிறைந்தது அந்தப் பள்ளம்தான். வேடிக்கை பார்க்கத் தெருவே கரையில் நின்றது. ஓர் இலைகூட இல்லாத தண்ணீரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் அதுவரை எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"எம்புட்டுத் தண்ணி, பாத்தியா" என்று அவள் என் தோளைத் தொட்டாள். "நீ கோடு போட்ட எடம்."

"ஆமாம்மா" என்றேன்.