ஆரஞ்சு வெளிச்சத்திலும் சிவந்த தண்ணீர்

பட்டப்பகலிலும் இருட்டாக இருக்கும் அறை ஒன்று உண்டென்றால், அது ஏரிக்கரை நீரேற்று நிலையத்தின் சோதனை அறைதான். அதற்குள் ஒண்டியாக உட்கார்ந்திருக்கும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ‘புலி அக்கா’. வீரத்துக்காக வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஏரித் தண்ணீரைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, கேமராவுக்கு அடியில் நீல வெளிச்சம் பாய்ச்சினால் நல்ல பாசி, கெட்ட பாசி இரண்டும் சிவப்பாக ஒளிரும். ஆரஞ்சு வெளிச்சத்திலும் பளிச்சென்று ஒளிர்ந்தால்தான் அது விஷம் கக்கும் வகை. இரண்டு வருஷத்துக்கு முன்பு அக்கா ஆரஞ்சைப் போட்டுப் பார்க்காமலே ஆபத்து என்று சொல்லிவிட்டாள். ஊர் முழுக்கக் குழாய்த் தண்ணீரை நிறுத்தினார்கள். கடைசியில் அது வெறும் பச்சைப் பாசி. ‘புலி வருது’ கதையாகிப் போனது. அவளுக்கு என்ன அவசரம் என்கிறீர்களா? தம்பி மகளின் கல்யாணத்துக்குக் கிளம்புகிற அவசரம்.

அந்தக் கல்யாணத்தில்தான் முந்நூறு பேர் கைகழுவத் தண்ணீரில்லாமல் நின்றார்கள். “உனக்கு ஆகலைன்னு பொறாமை,” என்றான் தம்பி, அத்தனை பேர் முன்னால். அம்மா போனபிறகு அவனுக்குச் சோறூட்டித் தலைவாரி விட்டவள் அவள். அன்றோடு பேச்சு நின்றது. அந்த வீட்டில் பேத்தி பிறந்ததைக்கூட மூன்றாம் மனிதர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள்.

இன்று காலைத் தண்ணீர் நீலத்திலும் சிவந்தது, ஆரஞ்சிலும் சிவந்தது. தட்டை மாற்றி மூன்று தடவை பார்த்தாள். மறுபடி தவறினால் தம்பி வீட்டு வாசலை மறந்துவிட வேண்டியதுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் இதே தண்ணீர் அந்தக் குழந்தையின் பால்புட்டிக்குப் போகும். பொறியாளரைக் கூப்பிட்டாள்.

“என்னக்கா, மறுபடியும் புலியா?”

“இந்தத் தடவை நிஜமாவே வந்துடுச்சு சார். மூடுங்க.”

மூடினார்கள். மத்தியானம் செல்போன் அடித்தது. தம்பி.

“எங்க வீட்டு மேல உனக்கு என்னதான் கோபம்? குழந்தைக்குப் பால் கலக்கத் தண்ணியில்ல!”

“காலையில பிடிச்சு வெச்ச தண்ணியக் குடுத்துடாதடா. கொதிக்க வெச்சாலும் விஷம் போகாது. லாரியில வேற தண்ணி வருது.”

அவன் காதில் வாங்கவே இல்லை. பழையது புதியது எல்லாம் சேர்த்துத் திட்டினான். அவனுக்குப் பின்னால் குழந்தை அழுதது. அந்தக் குரலை அக்கா கேட்பது இதுதான் முதல் தடவை. செல்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இன்னும் கொஞ்ச நேரம் திட்ட மாட்டானா என்றிருந்தது.