இடது பக்கத்துப் பெடல்

லில்லி டீச்சரிடம் கார் ஓட்டக் கற்றவர்களைக் காஞ்சிபுரத்தில் அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அவர்கள் கியர் மாற்றுவது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. ரிவர்ஸ் கச்சிதமாக எடுப்பார்கள். லைசென்ஸை முதல் தடவையிலேயே வாங்கிவிடுவார்கள். அதற்கடுத்த வாரம் எதன் மேலாவது கொண்டுபோய் மோதுவார்கள். என் மனைவி ரூக்ஷார் மோதியது என் கடை மேலேயே.

எனக்கு ஓரிக்கை ரோட்டில் வீல் அலைன்மென்ட் கடை. வாசலில் அடுக்கி வைத்திருந்த பழைய டயர்கள் மேல் எங்கள் காரை ஏற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் இறங்கி வந்தாள்.

"இன்னாமா பண்ணிக்கினு இருக்கே?" என்று கத்தினேன்.

"அதுவே நின்னுடும்னு நெனச்சேங்க."

கார் என்ன ஷேர் ஆட்டோவா, கையைக் காட்டினால் நிற்க? அன்று முழுக்க அவளை வறுத்தெடுத்தேன். அவள் சொன்னதில் விஷயம் இருந்தது என்பது எனக்கு ரொம்பக் காலம் உறைக்கவில்லை. ஆனால் தடயம் என் கையிலேயே இருந்தது. டீச்சரின் வண்டி என் கடைக்குத்தான் சர்வீஸுக்கு வரும். டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் சொல்லிக் கொடுப்பவர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக் பெடல் உண்டு. ஆபத்து சமயத்துக்காக வைத்தது. டீச்சர் வண்டியில் அந்தப் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து கிடக்கும். ஓட்டுபவர் பக்கத்து ரப்பர் புதுசு போலவே இருக்கும். நானும் மாற்றி மாற்றிப் போட்டேனே தவிர, ஏன் என்று கேட்டதில்லை.

லில்லி டீச்சரின் ஊர் கூரம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவர் பத்தாவது முடித்து, கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகும் வேன் ஓட்டி, பிறகு சொந்தமாக ஒரு பழைய மாருதியை வாங்கிப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். கணவர் சிட்டிபாபு வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் வேலை செய்கிறார். வண்டி விஷயத்தில் மனைவி சொல்வதே அவருக்கு வேதம். கற்றுக் கொடுப்பது பெண் என்பதால் எங்கள் தெருப் பெண்களும் தைரியமாக வந்து சேர்ந்தார்கள். டீச்சர் யாரையும் திட்டமாட்டார். திட்டுவதற்கு அவசியம் வந்ததில்லை, ஏனென்றால் அவருடைய கால் முந்திக்கொள்ளும்.

அந்தக் கால் பழக்கம் பிள்ளையார்பாளையத்தில் வந்தது. அங்கே காலையில் தெருவிலேயே பட்டுப் பாவு நூலை, தறியில் ஏற்றும் முன், நீட்டிக் கட்டிச் சீர் செய்வார்கள். பள்ளி தொடங்கிய புதிதில் கலாவதி என்ற மாணவி தெருமுனையில் வண்டியைத் திருப்பினாள். எதிரே தெரு நீளத்துக்குப் பாவு. கலாவதி கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டாள். டீச்சர் மிதித்த மிதியில் வண்டி நின்றபோது பாவுக்கும் பம்பருக்கும் ஒரு முழம்கூட இல்லை.  இனி காரைத் தொடவே மாட்டேன் என்று கலாவதி அழுதாள்.

"நீதாம்மா நிறுத்துனே. கண்ணை மூடிக்கினே எவ்ளோ கரெக்டா மிதிச்சே!" என்றார் டீச்சர்.

பொய்தான். ஆனால் கலாவதி மறுநாள் வந்தாள். அந்தப் பொய்யின் ருசி டீச்சருக்குப் பிடித்துப்போனது. இடது பெடலை மிதித்தால் ஓட்டுபவர் காலுக்கடியில் இருக்கும் பெடலும் சேர்ந்து இறங்கும். லேசாகக் கால் வைத்திருப்பவருக்குத் தானே மிதித்ததுபோல் இருக்கும். இப்படியே ஊரில் பாதிப் பெண்களுக்கு பிரேக் போடத் தெரியும் என்ற நம்பிக்கையை டீச்சர் ஊட்டிவிட்டார். அவர் மகள் திரிஷாவுக்கும் சேர்த்துத்தான்.

திரிஷா பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவள். அம்மா இல்லாமல் மாருதியைத் தொட அவளுக்கு அனுமதி கிடையாது. சென்னையிலிருந்து ஒரு ரேஸ் டீம் பெண் டிரைவர் தேடி கல்லூரி கல்லூரியாக வந்தது. கம்ப்யூட்டரில் ஸ்டீயரிங் வைத்து ரேஸ் விட்டார்கள். அதில் வளைவுக்கு வளைவு பிரேக்கைக் கம்ப்யூட்டரே போட்டுக்கொள்ளும், மோதினாலும் யாருக்கும் அடிபடாது. திரிஷா எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ரேஸ் டிராக்கில் நிஜக் காரில் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். டீச்சர் கேசரி கிளறித் தெருவுக்கே கொடுத்தார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்களை என் காரில் நான்தான் கூட்டிப் போனேன். டிராக்கில் சிவப்பு நிறத்தில், தரையோடு தரையாகப் படுத்திருந்தது ரேஸ் கார். அதன் இன்ஜின் சத்தம் கேட்டபோதே டீச்சரின் முகம் வெளுத்துவிட்டது. பயிற்சி கொடுப்பவர் ஜெயக்குமார். பொறுமையாகத்தான் சொன்னார்.

"இதோ பாரும்மா. வளைவு வர்றதுக்கு முன்னாடி, வண்டி நேரா இருக்கும்போதே பிரேக்கை அழுத்தி மிதி. வேகம் எறங்குனதும் காலை எடு. அப்புறம்தான் திருப்பணும். எங்க வெளிய போவணுமோ அங்க பாரு. வளைவுக்குள்ள போய் பிரேக்கைத் தொட்டேன்னு வெச்சுக்கோ, பின்பக்கம் வீசிக்கினு போயிடும்."

"சரி சார்," என்றாள் திரிஷா. ஜெயக்குமார் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

நீண்ட நேர்ச்சாலையின் முடிவில் கொண்டை ஊசியாக ஒரு வளைவு. நாங்கள் அதன் பக்கத்துக் கம்பிவேலியை ஒட்டி நின்றிருந்தோம். கார் வந்தது. வேகம் குறையும் குறையும் என்று பார்த்தோம். குறையவில்லை. வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் பிரேக் விளக்கு எரிந்தது. கார் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றி, ஜல்லியை வாரி இறைத்து, டயர் சுவரில் முதுகை இடித்துக்கொண்டு நின்றது.  கம்பியைப் பிடித்த டீச்சரின் கை விடவில்லை. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன்.

யாருக்கும் அடி இல்லை. ஜெயக்குமார் இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டு டீச்சரிடம் சொன்னார்:

"கை நல்ல கைம்மா. பயமும் இல்ல. ஆனா பாப்பா பிரேக்குக்குக் காத்துக்கினு இருக்குது. பக்கத்துல இருக்குற நான் போடுவேன்னு நெனைக்கிற மாதிரி இருக்குது. என் பக்கம் பெடலே கெடையாது. அடுத்த வாரமும் இப்படின்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன். சீட்டு போனா போவுது, உயிரு போயிடும்."

 எனக்கு அப்போதுதான் மண்டையில் அடித்ததுபோல் ரூக்ஷார் சொன்னது ஞாபகம் வந்தது. அதுவே நின்னுடும்னு நெனச்சேங்க. தேய்ந்துபோன ரப்பர் அத்தனையும் கண் முன்னால் வந்து நின்றது.

இரண்டு நாள் கழித்து டீச்சர் மாருதியோடு கடைக்கு வந்தார்.

"பாய், என் பக்கத்துப் பெடலைக் கழட்டிடுங்க."

"ஆர்டிஓ பாத்தா ஸ்கூலையே மூடிடுவாங்க டீச்சர்."

"கிளாஸ் எடுக்கல. இன்னிக்கு சாயங்காலம் ஒரு தடவ, திரிஷா தானே போட்டுப் பாக்கட்டும். அவளுக்குத் தெரிய வேணாம்."

"சொல்லிட்டே கழட்டலாமே?"

"இத்தினி வருசமா நான்தான் போட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன் பாய்?"

எனக்குக் கோபம் வந்தது. வாயால் சொல்ல வேண்டியதை வண்டியால் சொல்வது என்ன நியாயம்? ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் திட்ட மனம் வரவில்லை. கழற்றினேன். பின் சீட்டில் நானும் ஏறிக்கொண்டேன், எதற்கென்று எனக்கே தெரியாது. பின் சீட்டில் இருப்பவன் என்ன கிழிக்க முடியும்?

முசரவாக்கம் போகும் வழியில் ஏரிக்கரையை ஒட்டி ஒரு முரட்டு வளைவு உண்டு. சாயங்காலம் ஆள் நடமாட்டம் இருக்காது. திரிஷா நன்றாகத்தான் ஓட்டி வந்தாள். ஜெயக்குமார் சொன்னதையெல்லாம் வாயால் ஒப்பித்துக்கொண்டே வந்தாள். வளைவு தெரிந்தது. அவள் கால் பிரேக் மேல் இருந்தது, ஆனால் அழுத்தவில்லை. டீச்சரின் வலது கால் துள்ளி வெறும் தகரத்தில் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. 'டங் டங்' என்ற சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. கத்தக்கூடாது என்று முடிவு செய்து வந்திருந்தார் போலிருக்கிறது, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தார். நான் அல்லாவைக் கூப்பிட்டேன்.

வண்டி தார் ரோட்டை விட்டு இறங்கிச் சேற்றில் வழுக்கி, கருவேலம் புதரில் மூக்கை நுழைத்து நின்றது. திரிஷா கடைசி நேரத்தில் மிதித்திருந்தாள். 

"ஏம்மா போடல நீ?" என்றாள் திரிஷா.

கேட்டபிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கே புரிந்தது. குனிந்து அம்மாவின் காலடியைப் பார்த்தாள். பெடல் இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது.

"அப்ப இத்தினி நாளா நான் போட்டது?"

டீச்சர் முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

"ஒண்ணுகூடவா நான் போடல? கலாவதி அக்கா மாதிரியே நானும் தெருவுல பாவுக்கு முன்னாடி நிறுத்துனேனே, நீகூட எல்லார்கிட்டயும் பெருமையா சொன்னியே, அது?"

"நான்தான்டி."

திரிஷா இறங்கிக் கதவை அறைந்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். டீச்சர் பின்னாலேயே ஓடிக் கையைப் பிடித்தார். உதறிவிட்டாள். பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். டீச்சர் ஏரிக்கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

"வுழுந்துடக்கூடாதுன்னு புடிச்சுக்கினே இருந்தேன் பாய். அதனாலயே வுழப்போறா. நான் இன்னா பண்ணுவேன்?"

 அவரை அழவிட்டு, புதரிலிருந்து வண்டியை வெளியே எடுத்தேன். அன்றே பெடலைத் திரும்ப மாட்டிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வரை தாயும் மகளும் பேசவில்லை. "போவாதேன்னு சொல்லிடும்மா," என்று சிட்டிபாபு மனைவியிடம் கெஞ்சினார். சொல்லியிருந்தால் ஒருவேளை திரிஷா போகாமல் நின்றிருப்பாள். டீச்சர் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் அவர் வாழ்க்கையில் செய்த பெரிய வேலை என்பேன் நான்.

டிராக்கில் இந்தத் தடவை ஜெயக்குமார் அவளோடு ஏறவில்லை. இடது சீட் காலி. திரிஷா ஹெல்மெட் மாட்டும்போது எங்கள் பக்கம் பார்க்கக்கூட இல்லை. நாங்கள் அதே கம்பிவேலிக்குப் போனோம். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்றார்.

நேர்ச்சாலையின் அந்தக் கோடியில் சிவப்பு தெரிந்தது. சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. டீச்சர் என் சட்டையைப் பிடித்தார். அவர் வலது கால் மண்ணை அழுத்தத் தொடங்கியது. நான் அதையும் பார்த்தேன், காரையும் பார்த்தேன். பிரேக் விளக்கு எரிந்தது. வளைவுக்கு வெகு முன்னாலேயே, கார் நேராக இருக்கும்போதே எரிந்தது. காரின் மூக்கு தரையை நோக்கிக் குனிந்தது. விளக்கு அணைந்தது. அதன் பிறகு அமைதியாகத் திரும்பி, உள்பக்கத்து ஓரத்தைத் தொட்டுவிட்டு, வெளியே போனது. ஜல்லியில் ஒரு கல்கூட அசையவில்லை.

மறு சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. நான் கைதட்டினேன். டீச்சர் தட்டவில்லை.

முடிந்ததும் ஜெயக்குமார் சிரித்துக்கொண்டே வந்தார். "பாப்பா புடிச்சுட்டாம்மா. சீட்டு அவளுக்குத்தான். இனிமே ஒவ்வொரு வாரமும் வேகத்தை ஏத்திடலாம்."

"இன்னும் வேகமாவா சார்?" என்றார் டீச்சர்.

ஜெயக்குமார் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

திரும்பி வரும்போது திரிஷா முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், டீச்சர் பின்னால்.   வாலாஜாபாத் தாண்டி, நான் ரேடியோவைப் போடக் கை நீட்டியபோது திரிஷா திரும்பாமலே பேசினாள்.

"அந்த வளைவுல நான்தான் போட்டேன்மா."

"பாத்தேன்டி."

"நீயும் போட்டியா?"

"ஒவ்வொரு ரவுண்டும்."

திரிஷா கையைப் பின்னால் நீட்டினாள். டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பிரேக்கு என் வண்டியில புடிக்கலம்மா," என்றாள்.

"தெரியுது," என்றார் டீச்சர். "அதான் பயமா இருக்குது."