இன்பராணி மாற்றிய நான்கு இன்ஜெக்டர்கள்

மலேசியாவின் பத்து பாகாட் நகரில் உள்ள ஒரு தையல் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஒன்பது பேரில் இன்பராணி ஒருத்திதான் பெண். கோத்தா திங்கிப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து பத்தொன்பது வயதில் சட்டை தைக்க வந்தவள். தையல் மெஷின் நின்றுபோனால் மெக்கானிக் வரும்வரை உட்கார்ந்திருக்க அவளுக்குப் பொறுமை கிடையாது. தானே திருப்புளியை எடுத்தாள். எடுத்தவள் இருபத்தேழு வருடமாகக் கீழே வைக்கவில்லை. ஆனால் காரில் மட்டும் கை வைத்ததில்லை.

வீட்டுக் கார் ஒரு மாதமாக, சிக்னலில் நிற்கும்போதெல்லாம் குளிர்சுரம் வந்ததுபோல் குலுங்கியது. பட்டறையில் பிளக்கை மாற்றிப் பார்த்தார்கள், பலனில்லை. ஒரு நாள் எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே பெட்ரோல் எண்ணெயைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒவ்வொன்றிலும் திருப்புளி முனையை வைத்து, பிடியில் காதை ஒட்டிக் கேட்டாள். மூன்று டிக் டிக்கென்றன. ஒன்று ஊமை.

"கண்டுபிடிச்சிட்டேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கணவர் பெர்னார்ட் காப்பிக் கோப்பையோடு ஓடி வந்தார்.

"ஒண்ணு போச்சு, மத்ததும் பழசு. நாலையும் நானே மாத்தப் போறேன்."

"அலமாக்! எண்ணெய் சமாச்சாரம் லா, இன்பா. தீப்பிடிச்சா?"

"நீங்க தீயணைக்கிற சிலிண்டரைப் பிடிச்சிட்டு நில்லுங்க."

சனிக்கிழமை காலை அவர் அப்படியேதான் நின்றார். இன்பராணி முதலில் பெட்ரோல் பம்பின் பியூசைப் பிடுங்கிவிட்டு எஞ்சினை ஓட்டினாள். குழாயில் மிச்சமிருந்ததைக் குடித்துவிட்டு அது தானாக அடங்கியது. சூடு ஆறியபின் பேட்டரி வயரைக் கழற்றினாள். நான்கு இன்ஜெக்டர்களையும் பிடித்திருந்த குழாயின் போல்ட்டுகளைத் தளர்த்தி அசைத்து இழுத்தாள். மொத்தமும் கையோடு வந்தது. அவளுக்கு முதன்முதலில் மெஷினைப் பிரித்த நாளின் அதே ஆனந்தம்.

புதியவற்றின் ரப்பர் வளையங்களில் எஞ்சின் ஆயில் தடவிப் பொருத்தினாள். எல்லாவற்றையும் மாட்டி, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஒரு முறை திருப்பினாள். பம்பு முனகியது. குப்பென்று பெட்ரோல் வாடை!

"ஆஃப் பண்ணு! ஆஃப் பண்ணு!" பெர்னார்ட் சிலிண்டரைத் தூக்கிவிட்டார்.

"அடிச்சிராதீங்க! எஞ்சினே நாசமாயிரும்!"

இரண்டாவது இன்ஜெக்டரின் வளையம் முறுக்கிக்கொண்டிருந்தது. மறுபடி பியூசிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் கழற்றினாள். கசிந்ததைத் துடைத்து, வேறு வளையம் போட்டு, மெல்ல அழுத்தி உட்கார வைத்தாள். இந்த முறை மூன்று தடவை சாவியைத் திருப்பியும் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. வாடை முழுதும் போகட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கிளப்பினாள்.

எஞ்சின் ஒரு தடவை இருமியது. அவ்வளவுதான். நீரோட்டம்போல் ஓடத் தொடங்கியது.

"ஓடுதா, இல்லையா? சத்தமே காணோமே!" என்றார் பெர்னார்ட்.

"ஓடுதுங்க! ஏறுங்க, கடற்கரைப் பக்கம் ஒரு சுத்து போலாம்!"

கறுத்த கைகளோடு அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். முதல் சிக்னலில் கார் துளிகூடக் குலுங்காமல் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெர்னார்ட் அதற்குள் தம்பி திமோத்தியைப் போனில் கூப்பிட்டுவிட்டார்.

"உன் காருக்கு என்னமோ கோளாறுன்னியே, நாளைக்குச் சர்ச்சுல பூசை முடிஞ்சதும் நேரா இங்க கொண்டு வா. உன் அண்ணி பார்ப்பா."

"என்ன சத்தம் வருதுன்னு கேளுங்க!" என்றாள் இன்பராணி, விளக்கு பச்சைக்கு மாறியதைக்கூடக் கவனிக்காமல்.