இரவல் போனவள்

உத்திரமேரூரில் எங்கள் பெண்கள் கால்பந்து அணிக்கு நான்தான் கேப்டன். ஆனால் என்னைவிட நன்றாக ஆடியவள் மல்லிகா. ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு அணிக்கு அவளை ஒரு வருடம் லோனில், இரவல் ஆட்டக்காரியாக, அனுப்பும்படி கோச்சைக் கரைத்தவள் நான்.

"அங்க ஆடுனா இன்னும் தேறுவ" என்றேன். நம்பினாள்.

"என் பத்தாம் நம்பர் ஜெர்சிய யாருக்கும் குடுத்துடாதக்கா" என்று சொல்லி பஸ் ஏறினாள். மறுநாளே அதை நான் போட்டுக்கொண்டேன்.

அந்த வருட இறுதிப் போட்டியில் இரண்டு அணிகளும் மோதின. மல்லிகா தன் அம்மாவையும் அழைத்து வந்திருந்தாள். லோனில் போனவள் சொந்த அணிக்கு எதிராக ஆடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. அதுவரை வாய் திறக்காமல் இருந்துவிட்டு, விசில் ஊதும் நேரத்தில் அந்தத் தாளை நடுவரிடம் நீட்டினேன். ஷூ கட்டி நின்றவளை வெளியே உட்காரவைத்தார்கள்.

ஜெயித்தோம். போட்டோவுக்கு நின்றபோது ஓடி வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"இன்னாடி, நீ இப்ப அவங்க டீமு."

"அவங்க உங்களாண்ட போவ சொல்றாங்கக்கா. நான் எங்க நிக்கறது?"

என் போனை அவள் கையில் திணித்தேன். "நீ எடு."

எடுத்தாள். "சிரிங்கக்கா" என்றுகூடச் சொன்னாள். அதன்பிறகு அவள் எந்த அணிக்கும் ஆடவில்லை.

அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. சாயங்கால வெயிலில் அவள் நிழல் நீண்டு வந்து என் கால்மேல் விழுந்திருக்கிறது. நிழலை மட்டும் வெட்டிவிடப் பலமுறை பார்த்தேன். என் காலையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டியிருக்கிறது.