ஒன்பது நாள் அவகாசம்

“போஸ்டர் அடிச்சிட்டாங்களா?” என்று பங்காளி என்னிடம் கேட்டான். சுரங்கத்து கேன்டீனுக்குப் பின்புறம், கை கழுவும் குழாய்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். முகத்தைக் கழுவிய பிறகும் இமை முடிகளில் நிலக்கரித் தூசு ஒட்டிக்கொண்டிருந்தது. டீயைக் குடிக்காமல் டம்ளரை வெறுமனே பிடித்தபடி என் வாயையே பார்த்தான். “அடிச்சிட்டாங்க பங்காளி. பாண்டிச்சேரி பூரா ஒட்டியாச்சாம்” என்றேன். அப்படி ஒரு போஸ்டர் அந்த நிமிடம் வரைக்கும் எங்கேயும் அடிக்கப்படவில்லை. அது எனக்குத் தெரியும்.

எங்களுக்குள் உறவு எதுவும் கிடையாது. என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து நெய்வேலி டவுன்ஷிப்பிலேயே தங்கிவிட்டவர். அவன் பக்கத்திலிருக்கும் வடக்குத்து கிராமத்துக்காரன், அவனுடைய அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். நான், ஓடும் பெல்ட்டில் கரியைக் கொண்டுபோகிற கன்வேயர் பிரிவில் பெர்மனென்ட் டெக்னீஷியன். அவன் அதே பிரிவில், பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் கரியை அள்ளுகிற கான்ட்ராக்ட் தொழிலாளி. இருவருக்கும் ஒரே வயது. ஆனாலும் வேலை நாட்களில் என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றிப் போடும்போதுதான் நான் பங்காளி ஆவேன். நானும் அவனை அப்படியே கூப்பிட்டேன். மற்ற நண்பர்களுக்கும் அதுவே அவன் பெயராகிவிட்டது.

அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கிற கூண்டுச் சண்டை நமக்கு ஞாயிறு காலை டிபன் நேரத்தில் நேரலையாக வரும். குத்து, உதை, மல்யுத்தம், கழுத்தை இறுக்கிப் பணிய வைப்பது எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. சண்டை. என் வீட்டு ஹாலில் ஐந்தாறு பேர் கூடுவோம். மூன்றாவது ஷிப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் சிவந்த கண்ணோடு வருகிறவர்களும் உண்டு. சண்டை பார்ப்பதைவிட அதைப் பற்றிச் சண்டை போடுவதுதான் எங்களுக்குப் பெரிய காரியம். தொடர்ந்து ஆறு பேரை ஜெயித்தவன் காத்துக்கொண்டிருக்கும்போது, போன முறை தோற்றவனுக்கே ஏன் மறுபடியும் பட்டச் சண்டை? சாம்பியன் காயம் பட்டுப் படுத்திருக்கும்போது இடைக்காலப் பட்டம் என்று ஒன்றைக் கொடுப்பது நியாயமா? இட்லி ஆறிப்போகும்; வாக்குவாதம் ஆறாது. என் மனைவி சமையல்கட்டிலிருந்து, “அவங்க அஞ்சு ரவுண்டுல முடிச்சிட்டாங்க, நீங்க எப்ப முடிப்பீங்க?” என்று கேட்பாள்.

அந்தக் கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறவன் நான்தான். யாரோடு யாரை மோதவிட வேண்டும் என்று ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. எனக்கென்று ஒரு கொள்கையும் இருந்தது. பட்டச் சண்டைக்கு அழைப்பு வந்தால் நாள் கணக்குப் பார்க்கக் கூடாது, பார்க்கிறவன் பயந்தவன். காயம் பட்ட ஒருவனுக்குப் பதிலாகக் கடைசி நேரத்தில் ஒத்துக்கொண்டு உள்ளே போகிறவனைத்தான் நான் வீரன் என்பேன். யோசித்து மறுத்தவர்களை மாதக்கணக்கில் கேலி செய்திருக்கிறேன். சோபாவில் சாய்ந்துகொண்டு அப்படிப் பேசுவது எத்தனை சுகமாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பங்காளி சுவரோரம் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பான். எங்களில் அவன் ஒருவன்தான் கூண்டுக்குள் போய் அடி வாங்கியவன், அடி கொடுத்தவன். பள்ளிக்கூடத்தில் ஜூடோவில் ஆரம்பித்து, கடலூரில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மாஸ்டரிடம் வாரம் நான்கு நாள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். சென்னையிலும் பெங்களூரிலும் சிறிய போட்டிகளில் ஆறு சண்டை, ஐந்தில் வெற்றி. அவன் எங்கள் விவாதத்தில் அதிகம் கலந்துகொள்ள மாட்டான். ஒருமுறை நான் விடாமல் கேட்டபோது சொன்னான்: “ஆளு யாரு, எத்தினி நாளு டைம், எடை எவ்ளோ. இது மூணையும் கேட்டுக்கினுதான் கையெழுத்து போடணும் பங்காளி. மீதியெல்லாம் டி.வி.க்காரன் பேச்சு.” நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

போட்டி நடத்துகிறவர்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள், மின்னஞ்சல் அனுப்புவார்கள் என்பதால் அவனுடைய தொடர்பு எண்ணாக என் எண்ணைக் கொடுத்திருந்தோம். அந்தப் பொறுப்பு எனக்குத் தந்த பெருமையை மறைக்க விரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாயாடி, உண்மையிலேயே ஒரு சண்டைக்காரனின் மேனேஜர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை பாண்டிச்சேரியிலிருந்து போட்டி அமைப்பாளர் என்னைக் கூப்பிட்டார். அவர்களுடைய சாம்பியனோடு மோத வேண்டியவன் பயிற்சியில் கையை உடைத்துக்கொண்டான். அடுத்த சனிக்கிழமை பட்டச் சண்டை. உங்கள் ஆள் வருவானா என்று கேட்டார். நடுவில் ஒன்பது நாள். எதிராளி ஹரியானாவில் மல்யுத்தம் பழகியவன், அதுவரை தோற்காதவன். பங்காளி அப்போதிருந்த எடையில் ஏழு கிலோ குறைக்க வேண்டும். அவன் கேட்கச் சொன்ன மூன்று கேள்விக்கும் பதில் என் காதிலேயே விழுந்தது. மூன்றுமே வேண்டாம் என்றன. நான் “ரெடி சார்” என்றேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் கேன்டீனுக்குப் பின்னால் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. அதற்கான காரணமும் எனக்குத் தெரியும். நீண்ட காலம் வேலை பார்த்த கான்ட்ராக்ட் ஆட்களிலிருந்து பெர்மனென்ட் வேலைக்கு எடுக்கும் பட்டியலில் அந்த வருடம் அவன் பெயர் வந்திருந்தது. இரண்டு மாதத்தில் மெடிக்கல், அதாவது உடல் தகுதிப் பரிசோதனை. அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான்.

“மெடிக்கல் வருது பங்காளி. இந்த நேரத்துல எதுனா ஆயிடுச்சின்னா? வேணாம்னு சொல்லிடலாமா?”

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு போன் போட்டால் முடிந்துவிடுகிற விஷயம். ஆனால் என் கண்ணுக்கு முன்னால் நின்றது சாம்பியன் பட்டத்தின் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் நிற்கிற படம், பக்கத்தில் நான். அதனால்தான் போஸ்டர் அடித்தாகிவிட்டது என்று ஆரம்பித்தேன். அவன் திருப்பிக் கேட்டபோது ஊர் பூராவும் ஒட்டிவிட்டதாக வளர்த்தேன். இப்போது பின்வாங்கினால் இனி எந்தக் கூண்டிலும் ஏற்ற மாட்டார்கள் என்று முடித்தேன். ஆறிப்போன டீயைக் குழாயடியில் ஊற்றிவிட்டு அவன் சொன்னான்: “அடிச்சிட்டாங்கன்னா போய்த்தான ஆவணும். வேற வழி இல்ல.”

அவன் கன்வேயர் பக்கம் வேலைக்குப் போனதும் அமைப்பாளரைக் கூப்பிட்டு, போஸ்டரைச் சீக்கிரம் அடித்து எனக்கு அனுப்பச் சொன்னேன். சாயந்திரம் அது போனில் வந்தது. ஏற்கெனவே இருந்ததைப்போல அவனுக்கு அனுப்பிவைத்தேன்.

கடலூரில் மாஸ்டர் கொதித்தார். “ஒம்போது நாளா? எந்த மடையன்யா ஒத்துக்கிட்டது?” நான் தரையைப் பார்த்தேன். பங்காளி, “நான்தான் மாஸ்டர்” என்றான்.

மிச்சமிருந்த நாளெல்லாம் வேலை முடிந்து, பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடினான். உப்பில்லாமல் சாப்பிட்டான், கடைசியில் தண்ணீரையும் நிறுத்தினான். எடை பார்க்கும் மேடையில் கன்னம் ஒட்டி, உதடு வெடித்து நின்றான். சண்டை அவ்வளவு மோசமாகப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது ரவுண்டில் அவனுடைய இடது கைக் குத்து ஒன்று சாம்பியனை முழங்காலில் உட்கார வைத்தது. நான் தொண்டை கிழியக் கத்தினேன். மூன்றாவதில் அவன் கால்கள் ஓய்ந்துபோயின. நான்காவதில் ஹரியானாக்காரன் அவனைத் தூக்கிக் கீழே போட்டு, மேலே உட்கார்ந்து முழங்கையால் இடித்தான். நடுவர் நிறுத்துவதற்குள் இடது கண் முழுவதும் வீங்கி மூடிவிட்டது.

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அவனுடைய சண்டையின் வீடியோவைப் போட்டு, அமெரிக்கச் சண்டையைப் பேசுவதுபோலவே பேசினோம். எந்த ரவுண்டு யாருக்கு, எங்கே தவறினான் என்றெல்லாம். வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் மட்டும், “மேட்ச்மேக்கிங்கே தப்பு. அவன் இதுக்கு ஒத்துக்கிட்டிருக்கவே கூடாது” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “ஒத்துக்கிட்டது அவன் முடிவுங்க” என்றேன். அந்தப் பொய்யைவிட இந்த ஒரு வாக்கியம்தான் என்னை இன்றும் அதிகம் குத்துகிறது.

வீக்கம் வடிந்த பிறகு, வேலை செய்துகொண்டிருந்தவன் என்னிடம் வந்து, “சார், இடது கண்ணுல ஓரமா திரை போட்டாப்ல இருக்குது” என்றான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் விழித்திரை கழன்றுவிட்டது என்றார்கள். ஆபரேஷன் நடந்தது. பார்வையில் கால்வாசிதான் திரும்பியது. அந்த நாட்கள் முழுவதும் நான் லீவு போட்டுவிட்டு அங்கேயே கிடந்தேன். அவன் மனைவி என்னை அண்ணன் என்று கூப்பிடுவாள். வராந்தாவில் உட்கார்ந்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள்: “அவரும்தான் இன்னாண்ணே பண்ணுவாரு? போஸ்டரு அடிச்சி ஒட்டிட்டாங்களே. இல்லன்னா எங்களப் பத்தி நெனைக்காம போற ஆளா அவரு?” நான் தலையாட்டினேன்.

மெடிக்கலில் கண் பரிசோதனையில் அவன் தேறவில்லை. ஒற்றைக் கண் பார்வையோடு ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஆளை விட முடியாது என்பது சரியான விதிதான். நானே அந்தப் பெல்ட்டில் விரல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கான்ட்ராக்ட் வேலையும் அதோடு போயிற்று. முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு முந்திரிக் கம்பெனியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்குச் சேர்ந்தான். ஞாயிறு காலைகளில் அவன் வருவது நின்றது. கொஞ்ச நாளில் நானும் யாரையும் அழைப்பதை நிறுத்திவிட்டேன். இப்போது விவாதமெல்லாம் வாட்ஸப்பில் நடக்கிறது. கடைசி நேரத்தில் சண்டைக்கு ஒத்துக்கொண்ட எவனையாவது யாராவது புகழ்ந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

இப்படியே மூன்று வருடம் போனது. போன மாதம் வடக்குத்தில் ஒரு கல்யாணத்தில் அவன் மனைவி தன் சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டி, “ஆஸ்பத்திரியில கூடப்பொறந்தவனாட்டம் இருந்தாரே, அந்த அண்ணன் இவருதான்” என்றாள். ஒரு பெரியவர் எழுந்து என்னைக் கும்பிட்டார். சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டேன். இனியும் தாங்க முடியாது, சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன்.

அடுத்த ஞாயிறு காலை அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் மகளின் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, கழன்ற செயினை மாட்டிக்கொண்டிருந்தான். நான் இடது பக்கமாக வந்ததால் கிட்டே போகும்வரை அவனுக்குத் தெரியவில்லை. முழுத் தலையையும் திருப்பிப் பார்த்துச் சிரித்தான். “வா பங்காளி” என்றான். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அமைப்பாளரிடம் அவனைக் கேட்காமல் ஒத்துக்கொண்டது, இல்லாத போஸ்டர், பிறகு அடிக்கச் சொன்னது. ஒன்றையும் விடவில்லை.

அவன் கையிலிருந்த செயின் கீழே நழுவியது. கிரீஸ் படிந்த விரல்களைக் கைலியில் துடைத்துக்கொண்டு எழுந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“அப்ப, அன்னிக்கு கேன்டீன்ல நான் வேணாம்னு சொல்லியிருந்தா…” என்றான். “அதோட முடிஞ்சிருக்குமா?”

“முடிஞ்சிருக்கும்” என்றேன்.

வேறு வழி இருக்கவில்லை என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று வருடமாக அவன் மூட்டை தூக்கியிருக்கிறான் என்பது அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் நெஞ்சு இலேசாக வேண்டும் என்பதற்காக, அவனிடம் மிச்சமிருந்த அதையும் வாங்கிக்கொண்டேன். உள்ளேயிருந்து அவன் மனைவி டீ கொண்டுவந்தாள். “இன்னாண்ணே, ரெண்டு பேரு மூஞ்சியும் ஒரு மாதிரியா இருக்குது?” என்றாள். “ஒண்ணுமில்ல. பழைய சண்டை ஒண்ணப் பத்தி பேசிகினு இருந்தோம்” என்றான்.

வண்டி வரைக்கும் கூட வந்தான். நான் சாவியைத் திருகும்போது ஹேண்டில்பாரில் கையை வைத்தான். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

“எங்க வூட்ல மட்டும் சொல்லிடாத பங்காளி. அவளுக்கு போஸ்டர் அடிச்சிட்டாங்கன்னே இருக்கட்டும்.”

சரி என்றேன். இதில் யாருடைய பெயரையும் நான் எழுதாததற்குக் காரணம், அவனுக்குக் கொடுத்த அந்த ஒரு ‘சரி’தான்.